தொட்டி நிறைந்த வீட்டுக்கு ஒரு பயணம்

சனிக்கிழமை காலை 6.25. கோயம்புத்தூர் ரயில் நிலையத்தில் கிதார்ப் பையோடு இறங்கினேன். சென்னையிலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். இரவு முழுக்க மேல் படுக்கையில் கிடந்தும் பொட்டுத் தூக்கம் இல்லை. அன்று மாலை ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு சிறிய அரங்கில் என் நிகழ்ச்சி. முந்நூறு இருக்கைகள், டிக்கெட் 499 ரூபாய், எல்லாம் விற்றுவிட்டது என்று ஏற்பாட்டாளர் சொல்லியிருந்தார். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அந்த முந்நூறு பேரும் ஒரே ஒரு பாட்டுக்காகத்தான் வருகிறார்கள். அந்தப் பாட்டு முழுக்க என்னுடையதல்ல.

ஆட்டோக்காரர் காந்திபுரத்துக்கு நூற்றைம்பது கேட்டார். பேரம் பேசும் தெம்பில்லை, ஏறிக்கொண்டேன். கண்ணாடியில் கிதாரைப் பார்த்துவிட்டார்.

"பாடறவருங்களா? என்ன பாட்டுங்க?"

முதல் வரியைச் சொன்னேன்.

"அட, மோட்டார் பாட்டுங்களா! எங்கூட்ல தெனமும் அதுதானுங்க. எங்கூட்டுக்காரி கத்தறதும் அப்படியேதான் இருக்கும், போங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இப்படி யாராவது சொன்னால் சிரித்து வைப்பது பழகிவிட்டது.

கேட்டிராதவர்களுக்காகச் சொல்கிறேன். பாட்டில் ஒருவன் தனியாக இருக்கிறான். மேல்தொட்டி நிறைந்து தண்ணீர் தெருவில் ஓடுகிறது. "என்னங்க, மோட்டாரை நிறுத்துங்க" என்று தினமும் கத்துகிற மனைவி இறந்துவிட்டாள். இனி கத்த ஆளில்லை. அவ்வளவுதான் பாட்டு. அந்த "என்னங்க" வரும் இடத்தில் கூட்டம் மொத்தமும் சேர்ந்து கத்தும். பத்து வருஷமாகப் பாட்டு எழுதிப் பாடுகிற எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இந்த ஒன்றுதான். இது வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒரு பாட்டுகூட எழுத வரவில்லை.

அந்தத் தொட்டி அன்னூரில் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் என் ரசிகர். கந்தசாமி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார், ஐம்பது வயதுக்கு மேல். என் முதல் திருப்பூர் நிகழ்ச்சிக்கு வந்த நாற்பது பேரில் ஒருவர். அப்போதெல்லாம் நோட்டீஸில் என் போன் நம்பரையே போடுவேன். மறுநாளிலிருந்து, நான் எந்தப் பாட்டை வெளியிட்டாலும், அவரிடமிருந்து நாலைந்து நிமிஷம் ஓடும் வாய்ஸ் மெசேஜ் ஒன்று வந்துவிடும். எந்த வரி பிடித்தது, எங்கே சுருதி இறங்கியது, அதைக் கேட்டபோது என்ன வேலையில் இருந்தார், எல்லாம் இருக்கும். முதல் வருஷம் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டேன். ரசிகர்கள் கூடக்கூட, அவர் பேச்சை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கப் பழகினேன்.

மனைவி இறந்த நாலாம் மாதம் அவர் அனுப்பிய வாய்ஸில்தான் அந்தத் தொட்டி இருந்தது. அவள் இருந்தவரை வழிந்ததே இல்லை, இப்போது தினமும் வழிகிறது என்று சொன்னார். ஒரு மணி நேரத்தில் பாட்டை எழுதி முடித்தேன். அவரிடம் கேட்கவில்லை, சொல்லவுமில்லை. பாட்டு வெளியான நாளிலிருந்து அவர் வாய்ஸ் நின்றுபோனது. நின்றதை நான் கவனிக்கவே மூன்று மாதம் ஆயிற்று.

காலை 8.40. காந்திபுரத்தில் சத்தியமங்கலம் போகும் பேருந்தில் ஏறினேன். அன்னூருக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம், முப்பது ரூபாய். கிதாரைக் காந்திபுரத்து லாட்ஜ் அறையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். நடத்துனர் அதைப் பார்த்து, "மேல வெச்சுப்போடாதீங்கண்ணா, ரோடு சரியில்ல. மடியிலயே வெச்சுக்கங்க" என்றார். வைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவனுக்குக் கிதார் எதற்கு? அந்த வீட்டில் இன்னொரு பாட்டு கிடைத்தாலும் கிடைக்கும் என்ற நப்பாசைதான். வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

கணபதி வரை இரண்டு பக்கமும் பட்டறைகள். சரவணம்பட்டியில் கண்ணாடிக் கட்டடங்கள், கழுத்தில் அட்டை தொங்கும் பிள்ளைகள். கோவில்பாளையம் தாண்டியதும் வாழையும் சோளமும் வந்தன. நடுநடுவே வீட்டுமனைக்காக நட்ட கலர்க் கொடிகள். மழை வருவது போல மூட்டமாக இருந்தது, ஆனால் வரவில்லை. பக்கத்து இருக்கைப் பெண்ணின் போனுக்கு யாரோ அழைக்க, என் பாட்டின் இசை ஒலித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

9.50. அன்னூர் பேருந்து நிலையம். வருகிறேன் என்று முன்தினமே போனில் சொல்லியிருந்தேன், மொபெட்டோடு நின்றிருந்தார் கந்தசாமி. குரலை வைத்து ஆஜானுபாகுவாக நினைத்திருந்தேன். ஒல்லியான மனிதர், விரல் நுனியெல்லாம் வார்னிஷ் கறை.

"வாங்க தம்பி. பஸ்ல உக்கார எடம் கெடச்சுதுங்களா?"

"கெடச்சுதுண்ணா."

"பையை முன்னால குடுங்க, நா வெச்சுக்கறேன். பத்தரமுங்க, செம்புக் கம்பிய விட இது நாசூக்கானதாச்சே."

கோபத்தின் சாயல்கூட இல்லை.

முன்னால் கடை, பின்னால் வீடு. கடையில் பிரித்துப்போட்ட மோட்டார்கள், செம்புக் கம்பிச் சுருள்கள். வீட்டில் ஒரு கூடம், சமையலறை, கொல்லையில் மாடிப்படி. மாடியில் கறுப்புத் தொட்டி. பாட்டில் ஆயிரம் தடவை பாடிய தொட்டி. நான் அண்ணாந்து பார்த்ததை அவர் பார்த்தார். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். "இது நல்ல தண்ணிங்க, குடிக்கலாம். மேல ஏத்தறது போர்த் தண்ணி, சப்பையா உப்புக் கரிக்கும்."

பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "அண்ணா, அந்தப் பாட்டு விஷயமா..." என்றேன்.

"அதுக்கென்னங்க, பேசலாம். மொதல்ல சாப்புடுங்க."

அவரே செய்த அரிசி பருப்புச் சாதம். நெய்யை மேலே ஊற்றி, தயிரைப் பக்கத்தில் வைத்து, நான் போதும் போதும் என்றும் கேட்காமல் இன்னொரு கரண்டி வைத்தார். தட்டைக் காலி செய்யும்வரை பேச்சு என் அம்மாவின் முட்டிவலியைப் பற்றித்தான். இரண்டு வருஷத்துக்கு முன் நான் ஒரு பேட்டியில் சொன்னதை ஞாபகம் வைத்திருந்தார்.

கை கழுவிக்கொண்டிருந்தபோது எங்கோ மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் டக் என்று தானாக நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஆட்டோமேட்டிக்குங்க" என்றார். "ஊர்ல நூறு ஊட்டுக்கு நாந்தான் மாட்டியிருக்கறேன். எங்கூட்டுக்கு மாட்டுனதில்ல. அவ இருந்தவரைக்கும் வழிஞ்சதே இல்ல, அப்பறம் எதுக்குங்க? அவ போனதுக்கப்பறமும் மாட்டல. வழியட்டும்னு உட்டுப்போட்டேன். அந்தச் சத்தங் கேட்டா அவ இல்லைங்கறது நெனப்புல இருக்கும். உங்க பாட்டு வந்த அடுத்த வாரம் மாட்டிப்போட்டனுங்க. தொட்டி வழிஞ்சா தெருவுல போறவிங்க பாட ஆரம்பிச்சுட்டாங்க. எளந்தாரிப் பசங்க, தப்பா ஒண்ணுமில்ல. ஆனா பாடறாங்கல்லங்க."

"தப்பு என்னோடதுதாண்ணா. உங்ககிட்ட கேட்டிருக்கணும்."

"கேக்காதது ஒரு பக்கம் இருக்கட்டுங்க தம்பி." கை துடைக்கும் துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "அவ கத்த மாட்டாளுங்க."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"உங்க பாட்டுல கத்தறா. அவ ஒருநாளும் கத்துனதில்ல. என்னங்கன்னு கூப்புட்டதும் இல்ல, ஏனுங்கன்னுதான் சொல்லுவா, அதும் பக்கத்துல வந்து. மோட்டார நிறுத்துன்னு எங்கிட்ட சொன்னதேயில்ல. தொட்டி நெறையற நேரம் அவளுக்குத் தெரியும். அவளே எந்திரிச்சுப் போயி நிறுத்திப்போட்டு வந்து உக்காந்துக்குவா. இருபத்தாறு வருசம் அது எனக்குத் தெரியவேயில்லீங்க. தொட்டி தானா வழியாம இருக்குதுன்னே நெனச்சுட்டிருந்தேன். அதத்தானுங்க அன்னிக்கு உங்களுக்குச் சொன்னேன்."

அவர் சொல்லியிருப்பார். இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டவனுக்கு என்ன காதில் விழும்? வழிகிற தொட்டி மட்டும் விழுந்தது. கத்துகிற மனைவியை நான்தான் சேர்த்தேன். பாட்டுக்கு ஓர் உச்சம் வேண்டியிருந்தது, சேர்த்தேன்.

"எம் மச்சினன் வந்து சண்டை புடிச்சான். எங்கக்காவ ஊருக்கே கத்தறவளா ஆக்கிப்போட்டீங்களேன்னு. அவனுக்கு நாஞ் சமாதானஞ் சொல்லிப்போட்டேன். எனக்குச் சொல்லத்தான் முடியலீங்க. இப்ப அவ கொரல நெனச்சுப் பாத்தா, அவ கொரல் வர்றதில்ல. உங்க கொரல்தான் வருது."

இதைக் கேட்டதும் என்னுள் என்ன நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே நொடியில் மண்டையின் மூலையில் ஒருவன், இது நல்ல வரி என்றான். சீ என்று ஆகிவிட்டது.

அவர் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "தம்பி, ஒண்ணு கேக்கோணும். உங்களக் கேக்கறதுக்கு ரெண்டு வருசமா ரோசனை. முன்னெல்லாம் நா வாய்ஸ் அனுப்பறப்ப அவ கூட உக்காந்திருப்பா. நடுவுல எதாச்சும் சொல்லுவா. டீ ஆறுதுங்க, போதும் உடுங்க, அந்தத் தம்பிக்கு வேற வேலையில்லையான்னு. எம் போனு அவ ஆஸ்பத்திரியில இருந்தப்பத் தொலஞ்சுபோச்சு. அவ பேசுனது எங்கிட்ட ஒண்ணுமே இல்லீங்க. போட்டோ இருக்குது. கொரல் இல்ல. உங்க போன்ல பழசு இருக்குமில்லீங்க?"

இருக்கும், எனக்கு ஞாபகம் இருந்தது. பின்னால் ஒரு பெண் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வாள், அவர் சிரிப்பார். அந்தக் குறுக்கீடு அப்போது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

"பாத்து அனுப்பறேண்ணா" என்றேன். அந்த முகம் மலர்ந்ததை நான் பார்த்திருக்கவே கூடாது. மாலை நிகழ்ச்சிக்கு வரச் சொன்னேன்.

"இல்லீங்க தம்பி. அங்க அத்தன பேரும் சேந்து கத்துவாங்கல்லங்க" என்றார். பேருந்து வரும்வரை நிலையத்தில் கூடவே நின்றார். என் டிக்கெட்டுக்கும் நடத்துனரிடம் அவரே காசு கொடுத்தார்.

மாலை 6.30. அரங்கு நிரம்பி வழிந்தது. அந்தப் பாட்டைப் பாடுவதில்லை என்று மதியமே முடிவு செய்திருந்தேன். ஐந்தாவது பாட்டிலிருந்தே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஏழாவது முடிந்ததும் நான் பேசாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, முன்வரிசை அவர்களாகவே தொடங்கியது. வேறு வழியில்லாமல் கிதாரை எடுத்தேன். "என்னங்க" வரும் இடத்தில் நான் மெல்ல, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுவது போல, "ஏனுங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. முந்நூறு பேரும் பழகியபடியே கத்தினார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

வெளியே படம் எடுக்க வரிசை. ஒரு கல்லூரிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அண்ணா, இந்தப் பாட்டு கேட்டப்பறந்தான் எங்கம்மா கத்துனா எனக்குக் கோவமே வர்றதில்லீங்ண்ணா" என்றாள். பொய் ஒன்று ஒரு வீட்டில் நல்லது செய்திருக்கிறது. "அம்மாவைக் கேட்டதாச் சொல்லும்மா" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு காலை, சென்னை ரயில். ஜன்னலோர இருக்கை. ஏறியதிலிருந்து போனைத்தான் துழாவிக்கொண்டிருந்தேன். கந்தசாமியின் பழைய வாய்ஸ் ஒன்றுகூட இல்லை. இடம் நிரம்பிவிட்டது என்று போன் சொன்ன ஒரு நாளில், ரசிகர்கள் அனுப்பியதையெல்லாம் மொத்தமாக அழித்தது ஞாபகம் வந்தது. ஒன்றை மட்டும் வைத்திருந்தேன், பாட்டுக்குத் தேவைப்பட்டதை. நாலு நிமிஷம் பன்னிரண்டு வினாடி. அதை முதன்முதலாக அதன் சொந்த வேகத்தில் கேட்டேன். அவளே எழுந்து போய் நிறுத்துவாள் என்பது அதில் தெளிவாக இருந்தது. கடைசியில், "செரிங்க தம்பி, தொட்டி வழியுதுங்க, நிறுத்திப்போட்டு வாரேன்" என்கிறார். அதன் பிறகு தண்ணீர் விழும் சத்தம். பெண் குரல் இல்லை. எப்படி இருக்கும்?

ஈரோடு தாண்டிக் காவிரிப் பாலத்தில் ரயில் போனது. பாலம் முடிந்ததும் கூப்பிட்டேன்.

"அண்ணா, இல்லண்ணா. அழிச்சுட்டேன். எல்லாத்தையும்."

அந்தப் பக்கம் அவர் கடை இருக்கும் தெருவின் சத்தம் கேட்டது.

"பரவால்லீங்க தம்பி" என்றார். "சாப்டீங்களா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

சென்னையில் எங்கள் குடியிருப்பில் மோட்டாரைக் காவல்காரர் போடுகிறார், காவல்காரரே அணைக்கிறார். தொட்டி எப்போது நிறைகிறது என்று இருபது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இங்கே உட்கார்ந்துதான் இதை எழுதினேன். இந்த முறை முதலில் அவரிடம் கேட்டேன். "எழுதுங்க. எம் பேரு, அவ பேரு வேண்டாங்க. ஆனா அவ கத்தலைன்னு மட்டும் எழுதிப்போடுங்க" என்றார்.

எழுதிவிட்டேன். அந்த அம்மா கத்தவில்லை. தொட்டி நிறையும் நேரத்தில் எழுந்து போய், மோட்டாரை நிறுத்திவிட்டு, வந்து உட்கார்ந்துகொள்வார்.