புகை வந்தால்தான் நிம்மதி

விமானத்தின் பின்பக்க விசிறிக்கு எட்ட நின்று, புகைக்குழாயிலிருந்து வருவதைக் கையால் முகத்துக்குத் தள்ளி, கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுக்கிறார் அக்கா. முகம் தெளிகிறது. "எண்ணெய் போகுது. உள்ள இருக்கிறவன் காயல" என்கிறார். ஊரில் எல்லோருக்கும் எஞ்சின் புகைந்தால் பயம். இவருக்குப் புகையாவிட்டால் பயம். விமானப் பயிற்சிப் பள்ளியில் எஞ்சின் மெக்கானிக்கான அவருக்கு வைத்த பெயர் புகையக்கா.

நான் அதே பள்ளி அலுவலகத்தில் மேசை வேலை பார்க்கிறவன். பறப்பது கிடக்கட்டும், மொட்டை மாடிச் சுவரோரம்கூட நான் போவதில்லை. அதனால் அக்காவைக் கேலி பேசும் கூட்டத்தில் அவ்வளவாகச் சேர்வதில்லை. சேர்ந்தாலும் சத்தமில்லாமல்தான் சிரிப்பேன்.

'உள்ளே இருக்கிறவன்' என்று அவர் சொல்வது ரோட்டரை. அந்தச் சின்ன விமானத்தின் எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. முக்கோணமாக ஓர் இரும்பு, கூட்டுக்குள் ஓயாமல் சுற்றுகிறது. கூட்டைச் சுற்றித் தண்ணீர் ஓடிச் சூட்டைத் தணிக்கும். ஆனால் ரோட்டருக்குத் தண்ணீர் எட்டாது. எஞ்சின் இழுக்கும் காற்று அதன் வயிற்றுக்குள் புகுந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகவேண்டும். கட்டைவிரல் பருமனில் ஒரு பம்ப் சொட்டுச் சொட்டாக எண்ணெய் கொடுக்கவேண்டும். போன எண்ணெய் திரும்பாது, எரிந்து இளநீலப் புகையாக வெளியேறிவிடும். "தண்ணிச் சூட்டைக் காட்ட முள்ளு இருக்கு. இவன் வேகுறதைக் காட்ட என்னத்த வச்சிருக்கான்? ஒண்ணும் கிடையாது. எல்லாம் சரியா இருக்குன்னு முள்ளு சொல்லிக்கிட்டே இருக்கும், உள்ள கருகிப்போயிருக்கும்" என்பார். இதைச் சொல்லும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிடும்.

ஒருமுறை அப்படியே நடந்தது. பம்ப் நின்றது, முள் அசையவில்லை, நடுவானில் எஞ்சின் இறுகிப்போனது. விமானம் வயல் ஒன்றில் விழுந்து, மாணவர் இடுப்பெலும்பு முறிந்து பிழைத்தார். அக்கா மேல் தப்பில்லை என்று விசாரித்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த எஞ்சினைப் பிரித்தவர் அவர்தான். வெந்து நீலம் பாரித்திருந்த ரோட்டரைக் கையில் எடுத்தவரும் அவர்தான். அன்றிலிருந்து வீட்டில் மிக்சி ஓடினால்கூட நிறுத்தி நிறுத்தித் தொட்டுப் பார்க்கிறார். "எனக்கு ஜுரம் வந்தா எங்கம்மா நெத்தியைத் தொட மாட்டாங்க, மோந்துதான் பார்ப்பாங்க" என்று அவர் மகள் எல்லோரையும் சிரிக்க வைப்பாள்.

அந்த மகள்தான் இப்போது அதே ரக விமானத்தில் பறக்கக் கற்கிறாள். பாவம், அக்கா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் திரிகிறார். மகள் முதன்முறையாகத் தனியே பறக்கவேண்டிய நாளில் "புகை பத்தல" என்று நிறுத்தினார். பம்ப் சுத்தமாக வேலை செய்தது. மறுபடியும் நிறுத்தினார். மறுபடியும் ஒன்றுமில்லை. "இன்னொரு தடவை இப்படி நடந்தா உங்க பொண்ணு அடுத்த வருஷம்தான்" என்று பயிற்சியாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவை நீ ஒரு வார்த்தை பேசக்கூடாதும்மா. சத்தியம் பண்ணு" என்று என் மேசைக்கு முன்னால் வைத்தே கையை நீட்டினாள் மகள். அக்கா அந்தக் கையில் தன் கையை வைத்தார். எண்ணெய்க் கறை மகளின் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

போன வாரம் அந்த நாள் வந்தது. வெளியே நல்ல காற்று, ஆனால் பறக்கத் தடையில்லை. பம்ப், குழாய் எல்லாவற்றையும் அக்கா பார்த்து முடித்திருந்தார். எஞ்சின் ஓடியது. பயிற்சியாளர் முள்ளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு இறங்கிக்கொண்டார். நானும் புகைக்குழாயைப் பார்த்தேன். புகை கண்ணில் படவில்லை.

"தம்பி, காத்துல கலைஞ்சு போகுதா, இல்ல வரவே இல்லியா?" அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியலியேக்கா."

"எனக்கும் தெரியல. மோந்து பார்க்கலாம்னா காத்து அந்தப் பக்கமா அடிக்குது. இது நெசமாவே காயுதா, இல்ல என் பயம்தானான்னு பிரிச்சுப் பார்க்க முடியல தம்பி. பொய்யா இருந்தா அவ என் முகத்துலயே முழிக்க மாட்டா. நெசமா இருந்தா..."

விமானம் மெதுவாக உருண்டு, கொட்டகைக்கு அருகிலிருந்த ஓடுபாதை முனையில் அனுமதிக்காக நின்றது. என் சட்டையை விட்டார். கொட்டகை வாசலில் கிடந்த, சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கும் மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். "யக்கா, வேணாம்!" என்று பயிற்சியாளர் கத்தினார். அக்கா விமானத்துக்கு நேர் எதிரே, மகள் பார்க்கும்படி போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டுவது எனக்கே தெரிந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை. கட்டையை முன்சக்கரத்தை ஒட்டி வைத்தார். மகளுக்கு முதுகைக் காட்டி, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.