குறை சொல்லாத நூற்று நாற்பது கடைகள்

அவளை எல்லோரும் ஃபோன் அக்கா என்றார்கள். ஃபோனை எடுப்பது அவள் வேலை. ஃபோன்தான் அடிப்பதில்லை.

அலுவலகம், பல் மருத்துவமனைக்கு மேலே ஓர் ஒற்றை அறை. முதலாளிகள் இரண்டு பேர். மென்பொருள் எழுதும் தாடிக்காரன், கடை கடையாக ஏறி இறங்கும் அவனுடைய மச்சான். மென்பொருள் சலவைக் கடைகளுக்கானது. துணிக்கு எண் போடும். துணி தயாரானதும் உரியவருக்குச் செய்தி அனுப்பும். இலவசம். ஏழு மாதத்தில் நூற்று நாற்பது கடைகள் வாங்கியிருந்தன.

"ஒரு புகார்கூட இல்லை" என்பான் தாடி, பெருமை தாங்காமல்.

"அப்போ புகார் கேக்க ஒரு ஆள் எதுக்கு?" என்றான் மச்சான் ஒரு நாள். உடனே அவள் பக்கம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. கையில இருக்கற காசு ரெண்டு மாசத்துக்குத்தான் வரும்."

"விலை வைக்கலாமே, தம்பி?"

"வெச்சா அத்தனை பேரும் ஓடிடுவாங்க" என்றான் தாடி.

வீட்டில் கணவர் சிரித்தார். அவர் பேருந்து ஓட்டுகிறார். "சும்மா உக்காந்து சம்பளம் வாங்கற வேலை யாருக்குக் கிடைக்கும்? வெளிய சொல்லிடாதே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு வருடம் கீழே பல் மருத்துவமனையில் முன்பதிவு எழுதியவள். சத்தமே போடாதவர்கள் பாதிச் சிகிச்சையில் வராமல் நின்றுவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் கணவரின் சீருடையைத் தூக்கிக்கொண்டு ஒரு சலவைக் கடைக்குப் போனாள். மேசையில் அவர்களுடைய மென்பொருள் ஏற்றிய திரை, தூசி படாமல் கைக்குட்டை போர்த்தி இருந்தது. கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"இதுல எழுதலையா அண்ணே?"

"ஒரு ஆள் ஆறு துணி கொடுத்தா ஆறு தடவை பேர் எழுதச் சொல்லுதும்மா. அதுக்குள்ள நான் ரெண்டு சட்டை தேய்ச்சிடுவேன்."

"ஒரு ஃபோன் போட்டுச் சொல்லியிருக்கலாமே?"

"சும்மா கொடுத்தவங்ககிட்ட எப்படிம்மா குத்தம் சொல்றது? நல்லாவா இருக்கும்?"

"சரி பண்ணிட்டுக் காசு கேட்டா?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "கொடுப்பேன். ஆனா அப்புறம் சும்மா இருக்க மாட்டேன்."

அவள் மேலும் எட்டுக் கடைகளுக்குப் போய்வந்தாள். எட்டிலும் நோட்டுதான். அதைக் கேட்ட தாடி அன்று மதியம் சாப்பிடவில்லை. நான்கு நாளில் அந்த ஆறு தடவையை ஒரு தடவையாக்கினான். அவள் சொன்னபடியே, மாதக் கட்டணம் இவ்வளவு என்று எல்லாக் கடைகளுக்கும் செய்தி போனது. நூற்று இருபத்தொரு கடைகள் கழன்றுகொண்டன.

"பத்தொன்பதுதான்கா மிச்சம்" என்றான் மச்சான், துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஃபோன் அடித்தது. மூவரும் அதையே பார்த்தார்கள். அவள்தான் முதலில் சுதாரித்து எடுத்தாள்.

"யாரும்மா அது? காசு கட்டியாச்சுல்ல, இப்பக் கேக்கறேன். எழுத்தா அது? எறும்பு மாதிரி இருக்கு! என் வீட்டுக்காரி கண்ணாடி போட்டும் தெரியலைங்கறா."

"கேளுங்கண்ணே, நல்லாக் கேளுங்க" என்று அவள் காகிதத்தை இழுத்தாள்.

மதியத்துக்குள் பதினொரு கடைகள் திட்டித் தீர்த்துவிட்டன. தாடி பட்டியலை வாங்கித் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மறுபடியும் அடித்தது.

"அக்கா, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா?" என்றான் மச்சான்.

"கை வெச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்தாள்.