உர்பானோவின் மதிய விருந்து

கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டுதான் உர்பானோ சாப்பிடுவார். மடியில் தட்டு. சந்தில் யார் போனாலும் கரண்டியைத் தூக்கி, "வாங்க, சாப்பிடலாம்" என்பார். போகிறவர், "இப்பத்தான் ஆச்சுண்ணே" என்பார். கூப்பிட்டதும் பொய், சாப்பிட்டதும் பொய். கொரோனா ஊரடங்கின் மூன்றாம் மாதம். மணிலாவின் அந்தச் சந்தில் மதியத்தில் அடுப்பு எரிந்த வீடுகள் மிகச் சில.

தட்டில் இருப்பது அடிப்பிடித்த சோறும் உப்பும். அதையும் மீன் முள்ளை ஒதுக்குகிறவர் போலத் தள்ளித் தள்ளிச் சாப்பிடுவார். முடிந்ததும் பல்குத்தும் குச்சி வேறு. அவர் ஆளேற்றி ஓட்டிய ஜீப்னி வண்டி முதலாளியின் கொட்டகையில் தூசி படிந்து கிடக்கிறது. கால்சட்டையைச் சணல்கயிறு பிடித்திருக்கிறது. வாயோரம் புண். வீறாப்பு மட்டும் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறது.

அந்த வாய்தான் குடும்பத்தைக் கெடுத்தது. நிவாரணப் பட்டியல் எழுத வார்டு ஊழியர் தெல்பினா இரண்டு முறை வந்தாள், இரண்டும் மதியத்தில். இரண்டு முறையும் சாப்பிடக் கூப்பிட்டார். விருந்துக்குக் கூப்பிடுகிற வீட்டில் அரிசி இல்லாமலா இருக்கும்? அவள் இவர் பெயரை எழுதாமல் தாண்டிப் போனாள். அடுப்படியை எட்டிப் பார்க்கலாம் என்று அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை. அரிசியும் மத்தி மீன் டப்பாக்களும் பக்கத்து வீடுகளுக்குப் போயின.

இன்று கடைசிப் பட்டியல். "வாயைத் திறந்தே, அகப்பையாலயே போடுவேன்" என்று மனைவி ரெமெடியோஸ் காலையிலேயே சொல்லிவிட்டாள். "பேத்தி ரெண்டு நாளா கஞ்சித்தண்ணி குடிக்குது. ஊருக்கே விருந்து வைக்கிற மகராசனைப் பாரு."

தெல்பினா வந்தாள். உர்பானோ வாயைத் திறக்கவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். கரண்டியைச் சட்டையில் துடைத்து அவள் பக்கம் நீட்டினார்.

"இல்லண்ணே, இப்பத்தான் சாப்..."

ரெமெடியோஸ் தட்டைப் பிடுங்கி அவள் கையில் திணித்தாள். "வரும்போதெல்லாம் கூப்பிடுறாருல்ல? இன்னைக்கு ஒரு வாய் தின்னுட்டுப் போ."

தெல்பினா முகக்கவசத்தை இறக்கி ஒரு வாய் போட்டுக்கொண்டாள். கருகல் பல்லில் கடிபட்டது, உப்பு கரித்தது. சிரமப்பட்டு விழுங்கினாள். பட்டியலைப் பிரித்து, பேனா மூடியைத் திறந்தாள்.

உர்பானோ அதைப் பார்க்கவில்லை. பானையைச் சாய்த்து, அடியில் ஒட்டியிருந்ததைக் கரகரவென்று சுரண்டிக்கொண்டிருந்தார், அவளுக்கு மறுசோறு வைக்க.