ஜல்லி போட்ட சரிவு

உறையூரில் மலர்க்கொடியைத் தெரியாதவர்கள் நிறையப் பேர். அவள் போடும் சத்தத்தைக் கேட்காதவர்கள்தான் குறைவு.

பகலில் ஃபோட்டோஸ்டாட் கடையில் ஆதார் நகல் எடுத்துக் கொடுப்பாள். சாயங்காலம் மதுசூதன் வீட்டுக் கார் ஷெட்டில் டிரம்ஸை வெளுத்து வாங்குவாள். மதுசூதன் கிடார், பரக்கத் அலி பாட்டு. முரட்டு பங்க் இசை. அதில் போய் நளினத்தைத் தேடக் கூடாது. "பெருமாள் புறப்பாட்டுக்குக்கூட இத்தனை சத்தம் இல்லையேம்மா" என்பார் மதுசூதனின் அம்மா. அலுத்துக்கொண்டே காபியும் கொடுப்பார்.

மூவரையும் சேர்த்தது பாட்டு இல்லை, ஸ்கேட்போர்டு. உறையூர் வாய்க்கால் கரையில் வழவழவென்று ஒரு சிமெண்ட் சரிவு. அதில் சறுக்கி, விழுந்து, கையை உடைத்துக்கொண்டு, மறுபடியும் சறுக்கியவர்கள். பக்கத்துக் குடியிருப்பு நகரின் நலச்சங்கச் செயலாளர் ரெங்கராஜுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு பெண் பலகைமேல் ஏறிப் பறப்பதாவது! சக்கரம் உருளாதபடி சரிவு முழுக்கச் சிமெண்டைக் கொட்டி ஜல்லியைப் பதித்துவிட்டார். கரை என்ன அவர் அப்பன் வீட்டுச் சொத்தா? கேட்க நாதியில்லை. மலர்க்கொடி கேட்டாள், ஒரு பாட்டாக. அந்தப் பாட்டை அவர் தெருவிலேயே ஒரு தடவை பாடிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த நகரின் பொங்கல் விழாவுக்கு அவர்களைக் கூப்பிட்டவர் ரெங்கராஜின் மனைவி பானுப்ரியா. அவர்கள் சறுக்குவதை மொட்டை மாடியிலிருந்து ஆசையாகப் பார்த்தவர் அவர். ஷாமியானாவுக்குக் கீழே மலர்க்கொடியைப் பார்த்ததும் ரெங்கராஜின் முகம் சுருங்கிவிட்டது.

"சினிமா பாட்டு மட்டும்தான்ம்மா."

"ரெண்டு பாடறோம் சார். மூணாவது எங்களோடது."

"பாடினா கரண்டைப் பிடுங்கிடுவேன்."

"உங்க இஷ்டம் சார்."

வேனுக்கு வசதியில்லாததால் பெரிய டிரம்மை ஒரு ஸ்கேட்போர்டின் மேலேயே ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தாள். அடிக்கும்போது உருண்டு ஓடாமலிருக்கச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு செங்கல். அதை வைக்க மறந்து, பாதிப் பாட்டில் டிரம் இவளை விட்டுவிட்டு ஓடியதும் உண்டு.

மூன்றாவது பாட்டின் முதல் வரியிலேயே மைக் செத்தது. கிடார் ஊமையானது. ரெங்கராஜ் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

டிரம்முக்குக் கரண்டு எதற்கு? மலர்க்கொடி எழுந்து செங்கலை எட்டி உதைத்தாள். ஒரு கையால் டிரம்மைத் தள்ளி, மறு கையால் அடித்துக்கொண்டே தெருவில் இறங்கினாள். அலி தொண்டை கிழியப் பாடினான். மதுசூதன் தன் ஸ்கேட்போர்டைத் தார் ரோட்டில் தட்டித் தாளம் போட்டான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து பின்னாலேயே வந்தது. வேடிக்கை பார்க்கத்தான் வந்தது, வரட்டுமே!

வாய்க்கால் கரையில், ஜல்லிச் சரிவுக்கு எதிரே போய் நின்றார்கள். ரெங்கராஜ் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"நிறுத்தும்மா!"

"கரண்டைத்தான் சார் நீங்க நிறுத்த முடியும்."

பாட்டின் பல்லவியே ஒரு கேள்விதான். "கரை யாருது?" என்று அலி கத்தினான். மலர்க்கொடியும் மதுசூதனும் மட்டும், "நம்மளுது!" என்றார்கள். அலி மறுபடியும் கேட்டான். கூட்டத்தில் நாலைந்து குரல்கள் சேர்ந்தன. மலர்க்கொடி ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"கரை யாருது?"

"நம்மளுது!"

முதுகுக்குப் பின்னாலிருந்து காதைக் கிழித்த அந்தக் குரல் ரெங்கராஜுக்கு நன்றாகத் தெரிந்த குரல். திரும்பினார். பானுப்ரியா அடுத்த கேள்விக்காக மூச்சை இழுத்துக்கொண்டு நின்றார்.