சேத்துவாளி மேடம்

காலையில் வேலைக்குப் போகிற பெண்ணை வாசலில் நிறுத்தி, “இன்றைக்கு எத்தனை ஓட்டை?” என்று கேட்கிற ஊர் வேறெங்காவது இருக்கிறதா, தெரியவில்லை. எனக்கு இது தினமும் நடக்கிறது. சௌல்தாரிப் பக்கம் புதிதாகக் கட்டிய மாணவியர் விடுதியின் காவலாளி சலீம் பாய், கேட்டைத் திறந்துகொண்டே, “மேடம், ஆஜ் கித்னே சேத்?” என்பார். நான் விரல்களால் காட்டுவேன். அவர் திருப்தியாகத் தலையாட்டுவார். எங்கள் சாத்தூரில் எவனாவது இப்படிக் கேட்டிருந்தால் செருப்பு பறந்திருக்கும். அந்தமானில் இது சாப்பிட்டாச்சா என்று விசாரிப்பதைப் போலத்தான்.

வந்த புதிதில் விடுதியில் எல்லோரும் என்னை ‘சேத்துவாளி மேடம்’ என்று கூப்பிடுவதாக என் காதில் விழுந்தது. கையில் எப்போதும் பசை வாளியோடு அலைகிறோம், அதனால்தான் சேற்று வாளி என்கிறார்கள் என்று நினைத்து ஒரு வாரம் உம்மென்று இருந்தேன். வாளியைக் கழுவிக் கழுவிப் பளபளப்பாக்கியும் பெயர் மாறவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, இந்தியில் சேத் என்றால் ஓட்டை, நான் சேத்வாலி, அதாவது ஓட்டைக்காரி. சேற்று வாளியே தேவலை என்று தோன்றியது.

என் வேலை அதுதான். தீயைத் தாங்குவதற்கென்றே கட்டிய சுவர்களிலும் தளங்களிலும் தண்ணீர்க் குழாயும் மின்கேபிளும் நுழைந்து போக ஓட்டை போடுவார்கள். அந்தக் குழாயைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விட்டால் போதும், இத்தனை கனமான சுவர் கட்டியதற்கே அர்த்தமில்லை, தீயும் புகையும் அதன் வழியே அடுத்த அறைக்குப் போய்விடும். நான் அந்த இடைவெளியில் கல்லை உருக்கி நூற்ற பஞ்சைத் திணித்து, மேலே சூட்டில் உப்பிப் பெருகுகிற பசையைப் பூசி, பக்கத்தில் என் பெயரும் தேதியும் எழுதிய சீட்டை ஒட்டுவேன். அம்மாவுக்குப் புரியவைக்க, எண்ணெயில் போட்டதும் அப்பளம் உப்புகிற மாதிரி அந்தப் பசை தீயில் உப்பி ஓட்டையை மூடிவிடும் என்று போனில் சொன்னேன். ஓட்டை அடைக்க நம்மூரில் கொத்தனாரே இல்லையா, அதற்கு மூன்று நாள் கப்பலில் போக வேண்டுமா என்று கேட்டாள்.

அம்மாவுக்குத் தீயைப் பற்றி நான் பாடம் எடுப்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். தீப்பெட்டி ஆபீசிலும் பிறகு பட்டாசு ஆபீசிலும் வேலை பார்த்தவள் அவள். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூடம் விட்டதும் நான் வேலிக்கு வெளியே அவளுக்காக நிற்பேன். உள்ளே சின்னச் சின்ன அறைகள் தள்ளித் தள்ளி நிற்கும், ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் வாசல். ஏதாவது பற்றிக்கொண்டால் எந்தப் பக்கம் இருக்கிறாயோ அந்தப் பக்கமாக ஓடிவிடு என்பதுதான் அங்கே சட்டம். எனக்கு அந்த வாசல்களைப் பார்த்தால் பயமாகவும் இருக்கும், ஆறுதலாகவும் இருக்கும். தீ என்றால் எல்லாவற்றையும் திறந்து வைப்பது என்று கற்றுக்கொண்டு வளர்ந்தவள், இங்கே வந்து சுண்டுவிரல் நுழைகிற சந்தைக்கூட விடாமல் மூடுகிறேன். மூன்றாம் மாடியில் தூங்குகிற பிள்ளைகள் விழித்து இறங்கி வரும்வரை தீ பிறந்த அறையிலேயே கிடக்க வேண்டும். ரங்கத் ஊரிலிருந்து பஸ்ஸிலும் ஹட் பே துறைமுகத்திலிருந்து கப்பலிலும் வரப்போகிற பிள்ளைகள் அவர்கள்.

என் இந்தியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாக் கூத்துக்கும் காரணம் அதுதான். வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் எல்லோரும் ஒருவரோடொருவர் பேச இந்தத் தீவில் இந்திதான். நான் கேட்கிற சொல்லையெல்லாம் ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன். நமக்கு ஒரே ஒரு க, ஒரே ஒரு த. அவர்களுக்கு ஒவ்வொன்றும் நாலு. அறை காலியா என்று கேட்கப் போய், அறையில் கெட்ட வார்த்தையா என்று கேட்டிருக்கிறேன், தமிழில் எழுதினால் இரண்டும் காலிதான். சுவருக்கு அவர்கள் சொல்வதை ‘தீவார்’ என்று எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அது தீவில் வாழ்கிறவர்களா, தீ சம்பந்தப்பட்டதா என்று நானே முழித்தேன்.

இதற்கு மேல் சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. வரும்போது அழுதுகொண்டு வந்தவள் நான். ஒரு வருஷம் பல்லைக் கடித்து ஓட்டிவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் ஆய்வு நாள் நெருங்க நெருங்க எனக்குத் திரும்பிப் போகப் பிடிக்கவில்லை. சென்னை அலுவலகம் தெளிவாகச் சொல்லியிருந்தது. இந்த விடுதி தீயணைப்பு ஆய்வில் முதல் தடவையிலேயே தேறினால், தீவில் எங்கள் கட்டடங்களையெல்லாம் வருஷா வருஷம் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. தேறாவிட்டால் வேறு ஆள் வருவார், நான் அடுத்த கப்பல். இங்கேயே இருக்க வேண்டும் என்று அத்தனை ஆசையாக இருந்தது எனக்கு.

அப்படிப்பட்ட ஆய்வு நாள் காலையில்தான் பிமல் தா வந்து தலையைச் சொறிந்தார். ரங்கத் ஊர் வங்காளி, தா என்றால் அவர்கள் மொழியில் அண்ணன், எங்கள் எலெக்ட்ரீசியன், நல்ல மனிதர். எப்போதோ அவசரத்துக்கு ஒரு கேபிள் இழுக்க ஷாஃப்ட் சுவரில் ஒரு ஓட்டை போட்டாராம். என்னிடம் சொல்ல மறந்துவிட்டாராம். எந்த அறை என்று கேட்டேன். மேலே எங்கேயோ என்றார். ஷாஃப்ட் என்பது கேபிள்கள் ஏறுவதற்காக அடியிலிருந்து உச்சிவரை கிணறு மாதிரி விட்ட குழி. மூன்று மாடியிலும் சேர்த்து அதை ஒட்டி ஒரு டஜன் அறைகள், எல்லா அறையிலும் அந்தச் சுவரை மறைத்து அலமாரி வைத்துத் திருகியாகிவிட்டது. அத்தனையையும் கழற்ற இரண்டு நாள் ஆகும். ஆய்வாளர் வருவது பகல் இரண்டு மணிக்கு.

புகை விட்டுப் பார்க்கலாம் என்றால் அதற்கான கருவி கப்பலில் வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் ராசம்மா அக்காவின் ஞாபகம் வந்தது. விடுதிக்குச் சமைக்க வந்திருப்பவர். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, இங்கே தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டவர்களின் மகள். தமிழ்நாட்டை இதுவரை பார்த்ததில்லை, ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் சமையலறைக்குச் சாம்பிராணி போடுவார். விஷயத்தைச் சொன்னதும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தணலும் தூபக்காலும் டப்பா நிறையச் சாம்பிராணியுமாக ஷாஃப்ட்டின் அடியில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் ஒரு மேசை விசிறியும் வைத்தோம். எந்த அலமாரிக்குப் பின்னாலிருந்து புகை வருகிறதோ அங்கே ஓட்டை.

ஒவ்வோர் அறையிலும் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. எல்லோருக்கும் சொல்லிவிடும்படி சலீம் பாயிடம் என் நோட்டு இந்தியில் விளக்கினேன். பத்து மணிக்குக் கீழே துஆ, அறைக்கு ஒருவர், எல்லோரும் அலமாரியைப் பார்த்து நிற்க வேண்டும். நோட்டில் புகைக்கு நேராக அப்படித்தான் எழுதியிருந்தேன். அவர் நெஞ்சில் கை வைத்து, “பஹுத் அச்சா மேடம்” என்றார். இதற்குப் போய் இவர் ஏன் கண் கலங்குகிறார் என்று நினைத்தேன், நேரமில்லாததால் யோசிக்கவில்லை.

பத்து மணிக்கு அக்கா சாம்பிராணியை அள்ளிப் போட, நான் மாடிப்படியில் ஓடினேன். முதல் அறையில் பெயின்டர் தலையில் கைக்குட்டை கட்டி, அலமாரிக்கு முன்னால் கண்ணை மூடி நின்றார். இரண்டாவது அறையில் பிமல் தா கைகூப்பி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவதில் பெருக்கும் பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். இப்படியே அறைக்கு அறை, ஆளுக்கொரு அலமாரி, ஒருவர் கண்ணும் திறந்திருக்கவில்லை. புகை துஆன், பிரார்த்தனை துஆ என்பது அப்போதுதான் உறைத்தது. மூக்கால் பேச வேண்டியதை வாயால் பேசி, ஒரு கட்டடம் முழுவதையும் அலமாரிகளைக் கும்பிட வைத்திருக்கிறேன். படியில் ஏறவும் முடியவில்லை, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி ஏறினேன்.

மூன்றாம் மாடியின் கடைசி அறையில் சலீம் பாய் இரண்டு கைகளையும் ஏந்தியபடி நின்றார். நான் வந்ததும் கண்ணைத் திறக்காமலேயே மெதுவாகச் சொன்னார்.

“மேடம், துஆ கபூல் ஹோ கயீ. அல்மாரி மே லோபான் கீ குஷ்பூ.”

பிரார்த்தனை பலித்துவிட்டதாம், அலமாரியில் சாம்பிராணி மணக்கிறதாம். கதவிடுக்கில் மெல்லியதாக ஒரு நூல் புகை வந்துகொண்டிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். மூச்சு வந்ததும் உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணைத் திறந்து அந்தப் புகையைப் பார்த்தார். துஆவோ துஆனோ, இரண்டும் மேலேதானே போகிறது என்று இந்தியில் சொல்லிவிட்டு, திருப்புளி எடுக்கப் போனார்.

அலமாரியைக் கழற்றினால் இரண்டு விரல் அகலத்தில் ஓட்டை, நடுவில் ஒற்றைக் கேபிள். பஞ்சு திணித்தேன், பசை பூசினேன், சீட்டு ஒட்டினேன். கட்டட வரைபடத்திலும் அந்த ஓட்டையைக் குறித்தேன். அலமாரியைத் திரும்ப மாட்டச் சொல்லவில்லை. ஆய்வாளர் சரியாக இரண்டு மணிக்கு வந்து, முதலில் கட்டடம் ஏன் கோயில் மாதிரி மணக்கிறது என்று கேட்டார். பிறகு அந்தச் சீட்டில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு, இது இன்றைக்குப் போட்டதா என்றார். மறைத்தால் தப்பிக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அறைக்கு எந்தப் பிள்ளை வருமோ என்று நினைப்பு ஓடியது. நடந்ததை நடந்தபடியே சொன்னேன், சாம்பிராணி உட்பட. அவர் சிரிக்கவேயில்லை. டார்ச் அடித்து மற்ற அறைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் கையெழுத்துப் போடும்போதுதான், நானும் வீட்டில் லோபான் வாங்கி வைக்கிறேன் என்றார்.

சாயங்காலம் சென்னையிலிருந்து போன் வந்தது, வேலை எனக்குத்தான். வாளியை ஒரு சுற்று சுற்றினேன், பெயின்டர் பார்த்துவிட்டார். உடனே அம்மாவைக் கூப்பிட்டேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அலமாரிகளைக் கும்பிட்டதைக் கேட்டு அவளும் சிரித்தாள், இருமும்வரை சிரித்தாள். சரி, எப்போது வருகிறாய் என்று கேட்டாள். சந்தோஷத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டு வந்துருவேம்மா.”

அம்மா இருமலை நிறுத்திக் கேட்டாள்.

“எந்த ஊருக்குப் போயிட்டு, எந்த ஊருக்கு வருவ?”

எனக்குச் சுருக்கென்றது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது வீட்டில் இருப்பவர்களிடம் சொல்கிற வார்த்தை அல்லவா அது? அம்மாவிடம் அவள் வீட்டுக்கே போயிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். போனை இடது காதில் அழுத்திக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, “சீக்கிரம் வா” என்றாள். அதே நேரம் கீழே சமையலறை வாசலிலிருந்து ராசம்மா அக்கா, “சோறு ஆறுது, வா புள்ள” என்று சத்தம் கொடுத்தார்.

“இந்தா வாரேன்” என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன். அம்மா சரியென்று போனை வைத்தாள். கீழே அக்கா எனக்குத் தட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.