கடைசி வண்டி வந்த பிறகு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுதச் சொன்னதும் எல்லோரும் அவருடைய பொறுமையைப் பற்றி எழுது என்றார்கள். அவருக்குப் பொறுமை கிடையாது. இருந்ததைத்தான் எழுதப் போகிறேன்.

அண்ணன் விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு மில் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தார். வீட்டில் இருந்த ஒரே வாகனம் அப்பாவின் சைக்கிள். அதை அண்ணன் ஒருநாளும் மதித்ததில்லை. சாப்பிட வெறும் தட்டைக் கையில் கொடுத்தால் அது உடனே ஸ்டியரிங் ஆகிவிடும். வாயாலேயே கியர் மாற்றித் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வந்து உட்காருவார். அவர் வந்து சேரும் வரை அம்மா எங்களுக்கும் பரிமாற மாட்டார். பசியில் நாங்கள் அழுதால், "உங்க அண்ணன் வண்டி இன்னும் வரலயே" என்பார். எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா சீக்கிரமே போய்விட்டார். கல்லூரியை முடித்த கையோடு அண்ணன் மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பையைத் தூக்கினார். செங்கோட்டைக்கும் திசையன்விளைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்து, தங்கைகள் எங்கள் இருவரையும் கட்டிக்கொடுத்தார். பிறகு வண்ணார்பேட்டையில் சொந்தமாக மருந்துக் கடை வைத்தார். மகனைப் படிக்க வைத்துத் துபாய்க்கு அனுப்பிய பிறகுதான் தனக்கென்று ஒன்று வாங்கினார். ஊரெல்லாம் புதுக் கார் வாங்க, இவர் வாங்கியது ஒரு பழைய நீல நிறப் பத்மினி. அது வாசலில் வந்து நின்ற அன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தவரைப் பார்த்து மதினி சொன்னது எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். "என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்குக்கூட இப்படிப் பாக்கலயே."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அண்ணன் வீட்டில் இருந்ததில்லை. முக்கூடல் போகிற சாலையில், ஆற்றங்கரைப் பக்கம் ஓர் ஓட்டல் உண்டு. பழைய கார் வைத்திருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் வாரந்தோறும் அங்கே கூடுவார்கள். மேலப்பாளையத்திலிருந்து சாகுல் பாய் அம்பாசிடரில் வருவார். உவரி அந்தோணி அண்ணாச்சி, சனிக்கிழமை மாலையே பூசை பார்த்துவிட்டு, ஞாயிறு விடியுமுன் ஜீப்பைக் கிளப்பிவிடுவார். மர நிழலில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்து, ஒருவர் வண்டிக்கு இன்னொருவர் குறை சொல்வதுதான் அங்கே நடக்கும் வேலை. பிறகு இட்லி, பூரி கிழங்கு, ரசவடை.

அந்தக் கூட்டத்துக்கு அண்ணன் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. கடைசி வண்டி வந்து நிற்காமல் யாரும் இலையில் கை வைக்கக் கூடாது. எல்லாம் பழைய வண்டிகள். எது எந்த இடத்தில் நின்றுபோகும் என்று சொல்ல முடியாது. வராதவரைத் தேடிக்கொண்டு யாராவது போக வேண்டும். ஒருமுறை ஜீப் நாங்குநேரிப் பக்கம் படுத்துவிட, அண்ணனே கயிற்றோடு போய்க் கட்டி இழுத்து வந்தார். ஓட்டலில் காலைப் பலகாரம் முடிந்து சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவரை ஒருவரும் சாப்பிடவில்லை. எங்கள் அம்மாவின் சட்டம் இது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

சோறு நெஞ்சிலேயே நிற்கிறது என்று அண்ணன் சொல்லத் தொடங்கியபோது நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உணவுக்குழாயில் புற்று என்று மதுரையில் சொன்னார்கள். வெற்றிலைகூடப் போடாத மனிதர். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது வயிற்றில் ஒரு சிறு குழாய் இருந்தது. வடிகட்டிய கஞ்சியும் பாலும் அதன் வழியாகத்தான். வாய்க்கு ருசி என்பது முடிந்துபோயிற்று.

வீடு வேறு வீடாகிவிட்டது. மதினி தாளிப்பதை நிறுத்தினார். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே எதையோ விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். பார்க்கப் போகிற நாங்களும் பசியில்லை என்று சொல்லப் பழகிக்கொண்டோம். நோயாளி இருக்கிற வீட்டில் வேறு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அண்ணன் கேட்டதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையைத்தான். தான் அங்கே நோயாளி இல்லை என்றார். அண்ணனுக்குக் கையில் பலம் இல்லாததால், லைசென்ஸ் எடுத்ததோடு சரி என்று இருந்த மதினி பத்மினியை ஓட்டப் பழகினார். அந்தச் சாவியை அண்ணன் அதுவரை யார் கையிலும் கொடுத்ததில்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கியரோடு மதினி மல்லுக்கட்ட, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து திட்ட, இருவரும் போய் வந்தார்கள். ஓட்டலில் அடுப்பு வேலை நடப்பதால் கொஞ்ச நாளைக்குப் பாலத்தடி டீக்கடையில் கூடுகிறோம் என்று சாகுல் பாய் சொல்லியிருந்தார். அங்கே டீ மட்டும்தான். கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டு ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். முன்பெல்லாம் வெயில் ஏறும் வரை இருப்பாங்களே, இப்ப எல்லாருக்கும் என்ன அவசரம் என்று அண்ணன் என்னிடம் கேட்டார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு நானும் பின் சீட்டில் இருந்தேன். வழியில் பத்மினி சூடேறிப் புகையத் தொடங்கியது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும். மதினி வண்டியை ஒதுக்கி நிறுத்திய இடம், அந்தப் பழைய ஓட்டல் வாசல். உள்ளே கூட்டம் நிறைந்திருந்தது. வடை வாசனை சாலை வரை வந்தது. குடத்தில் தண்ணீர் கொண்டுவந்த ஓட்டல்காரர், வாராவாரம் எதிர்பார்க்கிறேன், என் மேல் ஏதும் கோபமா என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன் திரும்பி மதினியைப் பார்த்தார். மதினி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்துகொண்டார். அடுப்பு வேலை என்று சொன்னது பொய் என்பது அவருக்கு முன்பே தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பாலத்தடியில் எல்லோரும் டீயைக்கூடக் குடிக்காமல் காத்திருந்தார்கள். கடைசி வண்டி எங்களுடையது. அண்ணன் மெல்ல இறங்கிப் போய்ப் பாயின் முன்னால் நின்றார்.

"எனக்கு வயித்துலதான வே குழாய் வச்சிருக்கு. ஒங்க வாயை எதுக்குவே கட்டுதீரு?"

பாய் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "ஒம்ம முன்னால வச்சுத் தின்ன எங்களுக்கு எறங்கல அண்ணாச்சி."

"எனக்குத்தான் எறங்கல. ஒமக்குமா?"

அந்தோணி அண்ணாச்சிதான் முதலில் போய் ஜீப்பைக் கிளப்பினார். அத்தனை வண்டிகளும் திரும்பி ஓட்டலுக்குப் போயின. இலை போட்டார்கள். அண்ணன் நடு நாற்காலியில், இலை இல்லாமல் உட்கார்ந்துகொண்டு, யாருக்கு என்ன வைப்பது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மதினி மட்டும் வாசலிலேயே நின்றார். பசியில்லை என்றார். அண்ணன் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, தன் கையாலேயே இட்லியை எடுத்து இலையில் வைத்தார்.

"அடுப்படியில கதவைச் சாத்திட்டுத் தின்னுதது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? ஏட்டி, தின்னு. நீ சாப்பிடுததப் பாத்தாத்தான் எனக்கு வயிறு நெறையுது."

அவ்வளவு பேருக்கு முன்னால் மதினி அழுதுகொண்டே சாப்பிட்டார். இரண்டாவது முறை சாம்பார் கேட்டார். அன்று இரவு அண்ணன் வீட்டில் தாளிக்கும் சத்தம் கேட்டது.

கடைசி ஞாயிறு அண்ணனால் எழுந்திருக்க முடியவில்லை. ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு எல்லா வண்டிகளும் அண்ணன் வீட்டுத் தெருவுக்கு வந்தன. என்ன சாப்பிட்டீர்கள் என்று அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். பாய் கட்டிலருகே உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னார். ரசவடை நன்றாக ஊறியிருந்ததா என்று அண்ணன் கேட்டார். பூவாட்டம் இருந்தது, இரண்டு சாப்பிட்டேன் என்றார் பாய். "ரெண்டோட நிறுத்திட்டீராக்கும்" என்றார் அண்ணன். அவர்களிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அது. அந்த வாரத்திலேயே போய்விட்டார்.

குழாயைச் சுத்தம் செய்ய மதினிக்குச் சலிக்காமல் கற்றுக்கொடுத்த செவிலியருக்கும், மதுரைக்கும் வீட்டுக்குமாக ஜீப்பில் அலைந்த அந்தோணி அண்ணாச்சிக்கும், நோன்பு மாதம் முழுவதும் கஞ்சியை வடிகட்டி அனுப்பிய பாய் வீட்டுப் பெண்களுக்கும், இன்றுவரை அண்ணனின் நாற்காலியை எடுக்காத ஓட்டல்காரருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. நன்றி என்று எழுதினால் அது போதவில்லை.

முதலாண்டு நினைவு நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. அதனால் வீட்டில் வைக்காமல் அந்த ஓட்டலிலேயே வைத்திருக்கிறோம். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் முன்னால் இலை விரித்திருப்பார்கள். அண்ணனின் படம் அந்த நடு நாற்காலியில் இருக்கும். மதினி பத்மினியை எடுத்துக்கொண்டு வருகிறார்; கடைசியாகத்தான் வருவேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். வழியில் அது எங்கே நின்றாலும் போய் இழுத்து வர அந்தோணி அண்ணாச்சி கயிறு வைத்திருக்கிறார். அந்த நீல வண்டி மரத்தடியில் வந்து நிற்கும் வரை தயவுசெய்து பொறுத்திருங்கள்.

வந்துவிட்டதா? அப்படியானால் இந்த மலரை மூடி வைத்துவிட்டு, கூச்சப்படாமல், அண்ணன் முகத்தைப் பார்த்தபடியே சாப்பிடுங்கள். இரண்டு ரசவடையோடு நிறுத்திவிடாதீர்கள்.