பெரியப்பாவின் இரண்டாவது கடை

என் பெரியப்பா இருபத்திரண்டு வருஷம் வீடியோ கேம் கடை நடத்தியவர். எந்த இயந்திரம் மக்கர் செய்தால் எங்கே தட்ட வேண்டும் என்பதுவரை அத்துப்படி. கடையை மூடிய பிறகு, அதே மாதிரி ஒரு பழைய வீடியோ கேம் கடையை நடத்தும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை அவர் மகள் வாங்கிக் கொடுத்தாள்.

“எனக்கே கடை நடத்தக் கத்துக்குடுக்கறாங்களா?” என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மூன்றே நாளில் திரையிலிருந்த கடை திவாலானது. கழிப்பறை நாறுகிறதென்று வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

“வர்றவன் விளையாட வர்றானா, கக்கூஸ் போக வர்றானா?” என்று திரையைப் பார்த்துக் கத்தினார்.

“கக்கூஸைக் கழுவுங்கன்னுதானே நானும் இருபத்திரண்டு வருஷமா தலைபாடா அடிச்சுக்கிட்டேன்” என்றார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பெரியம்மா.

நான்கு முறை புதிதாக ஆரம்பித்தார். நான்கு முறையும் கழிப்பறையைக் கழுவ மாட்டேனென்று அடம்பிடித்தே கடையை மூடினார். ஐந்தாவது முறை பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரே வாரத்தில் கடைக்கு மாடி வந்தது. கழிப்பறை கழுவ ஓர் ஆளையும் வைத்தார். ஆளுக்குப் பெயர் கேட்டது விளையாட்டு. யோசிக்காமல் பெரியப்பாவின் பெயரைத் தட்டினார்.

பெரியப்பா இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் பொறுக்க மாட்டாமல் வந்து நின்றார்.

“ஆள் எப்படி?”

“பரவாயில்ல. சொன்னா கேக்கறான்.”